சிவப்பு விதை விட்டால் அது வூடி அல்ல

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் அப்பா விட்டுப்போன வீட்டை விற்கப் போகிறோம். முன்முற்றத்தில் இரண்டு சைக்கட், பனைபோல் தோன்றும் மரங்கள், நிற்கின்றன. 'பாக்கி' என்ற சிறு சரக்கு வண்டியில் வந்த ஒருவர், பெரியது 'வூடி' என்ற சைக்கட், காட்டில் ஒன்றுகூட மிச்சமில்லாத ஜாதி என்கிறார். 30,000 ரேண்ட் ரொக்கமாகத் தருகிறாராம், பர்மிட்டையும் அவரே பார்த்துக்கொள்வாராம். போன வருடம் அதில் உதிர்ந்த சிவப்பு விதைகளையும் கேட்கிறார். அடியில் நாலு கன்றுகள் உண்டு. ஒன்றையாவது ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் என் வீட்டுக்குக் கொண்டுபோக ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, அந்த ஆள் சொன்னதில் ஒன்று உண்மை. வூடி காட்டில் இல்லை. 1895-ல் ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் குவாசுலு-நடால் மாகாணத்து ஒங்கோயே காட்டு ஓரச் சரிவில் நாலு தண்டு கொண்ட ஒரே ஒரு தூறைக் கண்டார். 1903-லும் 1907-லும் அங்கிருந்து கன்றுகளும் தண்டுகளும் டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. கடைசியாக நின்ற தண்டை 1916-ல் பெயர்த்து பிரிட்டோரியாவுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு எத்தனையோ பேர் தேடியும் இன்னொன்று அகப்படவில்லை. இன்று உலகத் தோட்டங்களில் நிற்கும் வூடி எல்லாம் அந்த ஒற்றைத் தூறின் பக்கக்கன்றுகள்தான்.

அந்தத் தூறு ஆண். பெண் வூடி இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை. ஆகவே வூடிக்கு விதை கிடையாது. உங்கள் மரம் சிவப்பு விதை உதிர்த்தது என்றால் அது பெண், அதாவது வூடி இல்லை. பெரும்பாலும் டர்பன் பக்கம் தோட்டம்தோறும் நிற்கும் 'நடாலென்சிஸ்' என்ற சைக்கட்டாகவே இருக்கும். நடாலென்சிஸ் பெண்ணுக்கு வூடியின் மகரந்தத்தைப் போட்டுக் கலப்புக் கன்றுகள் எடுத்திருக்கிறார்கள். அவை கலப்புதான். 'வூடி விதை', 'விதையிலிருந்து வந்த வூடி' என்று எவர் விற்றாலும் பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

அந்த ஆளுக்கும் இது தெரியாமல் இருக்காது. பின் ஏன் 30,000? சில சமயம் மரத்தைவிடக் காகிதம்தான் அவர்களுக்குப் பெறுமதி. மரத்தை வைத்திருக்க அப்பாவின் பெயரில் வாங்கிய பழைய பர்மிட் ஒன்று அலமாரியில் இருந்தால், காட்டில் இரவோடு இரவாகத் தோண்டிய மரத்துக்கு அதைக் காட்டி, 'இது சாட்ஸ்வர்த் முற்றத்தில் வளர்ந்தது' என்று சொல்லிவிடலாம். 2014-ல் கேப் டவுன் கிர்ஸ்டன்போஷ் பூங்காவுக்குள்ளேயே புகுந்து 24 சைக்கட்டைப் பெயர்த்துப் போனவர்கள் இருக்கிற நாடு இது. எனவே பர்மிட்டைக் கண்ணில் காட்டாதீர்கள், போனில் படம் எடுக்க விடாதீர்கள், நகல் கொடுக்காதீர்கள். 'பர்மிட் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பவர் பர்மிட் வாங்கப் போவதில்லை. வழியில் வண்டியை மறித்தால் மரம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்ற கேள்விதான் முதலில் வரும், அதற்கு உங்கள் விலாசம்தான் பதில். தேசியப் பல்லுயிர்ச் சட்டத்தில் தண்டனை ஒரு கோடி ரேண்ட் வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தோட்டத்தில் வளர்ந்தது என்று பொய் சொல்லித் தப்புவதும் முன்போல் எளிதில்லை. தண்டிலும் பழைய இலைக்காம்பிலும் உள்ள தனிமங்களை ஆய்வுக்கூடத்தில் அளந்து, மரம் எந்த மண்ணில் வளர்ந்தது என்று பார்க்கிறார்கள். மரத்தை அடையாளம் காண உள்ளே பதித்த மின்னணுச் சிப்பைத் தேடி எடுத்துவிடும் திருடர்களாலும் இதைத் துடைக்க முடியாது.

உங்கள் இரண்டாவது மரத்துக்கு வருவோம். அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ஆனால் இங்கேதான் பாதிப் பேர் வீணாகப் பயந்து சாகிறார்கள். இலைக்காம்பிலிருந்து ஒரு சிற்றிலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நட்டநடுவே ஒரே ஒரு தடித்த நரம்பு ஓடி, மற்ற இடம் வழவழவென்று இருந்தால் அது 'சைக்கஸ்' என்ற சைக்கட் இனம், ஜப்பானிலிருந்து வந்த 'சேகோ பாம்' வகையாக இருக்கலாம். நடு நரம்பே இல்லாமல், நூல் இழுத்ததுபோல் பல மெல்லிய கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் அது என்செபலார்டோஸ், வூடியும் நடாலென்சிஸும் சேர்ந்த நம் நாட்டு ஜாதி. இன்னொரு அடையாளமும் உண்டு. சைக்கஸின் இளந்தளிரில் சிற்றிலை ஒவ்வொன்றும் கைக்கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டு இருக்கும், நம் ஜாதியில் அப்படிச் சுருளாது. சைக்கஸ் வெளிநாட்டுச் செடி. வீட்டில் வைக்க, தோண்ட, லெனேசியாவுக்கு எடுத்துப்போக பர்மிட் வேண்டாம். நர்சரியில் வாங்கியதற்கு ரசீது இருந்தால் கையோடு வையுங்கள், சோதனைச் சாவடியில் நிற்கும் எல்லோருக்கும் நரம்பு பார்க்கத் தெரியாது. நாட்டை விட்டு வெளியே கொண்டுபோனால் சைக்கஸுக்கும் காகிதம் வேண்டும். அதைத் தவிர அந்த மரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

நம் ஜாதி மரத்துக்கு மண்வெட்டி எடுக்கும் முன் பர்மிட். குவாசுலு-நடாலில் அதைக் கொடுப்பது எசெம்வேலோ என்ற மாகாண இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு. அப்பா பெயரில் உள்ள பர்மிட் தானாக உங்களுக்கு வராது, வீட்டோடு வாங்குபவருக்கும் போகாது. இறப்புச் சான்றிதழ், சொத்து நிர்வாகக் கடிதம், பழைய பர்மிட் இருந்தால் அது, மரமும் வீட்டு முகப்பும் சேர்ந்து தெரியும் பழைய குடும்பப் படங்கள், தரைமட்டத்தில் தண்டின் சுற்றளவு, எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். கல்யாணப் படத்தில் பின்னால் மரம் நின்றால் போதும், அதுவும் சாட்சிதான்.

லெனேசியா ஹௌட்டெங் மாகாணம். அதனால் இங்கிருந்து வெளியே அனுப்ப ஒரு காகிதம், அங்கே உள்ளே கொண்டுவர இன்னொரு காகிதம். ஒரே நாட்டுக்குள், ஒரே மரத்துக்கு! மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறு, படிவம் வேறு, கேள்வி வேறு. தோண்டித் திருடுகிறவன் எந்தப் படிவமும் நிரப்புவதில்லை. வரிசையில் நிற்பது நேர்மையானவர்கள் மட்டும். ஆனாலும் வேறு வழியில்லை, சீக்கிரமே தொடங்குங்கள். வீட்டு விற்பனை ஒப்பந்தத்தில் 'முன்முற்றத்துச் சைக்கட்டும் கன்றுகளும் விற்பனையில் சேரா' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் தரையில் வேரோடு நிற்பது வீட்டோடு போய்விடும்.

பெரிய மரத்தை நகர்த்த வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஒரு மீட்டர் தண்டைத் தூக்கவே நாலைந்து ஆளும் கயிறும் வேண்டும். பர்மிட்டில் கன்றுக்கும் அனுமதி கேளுங்கள், நாலில் கெட்டியானது ஒன்று போதும். குறைந்தது நன்றாகப் பழுத்த மாம்பழம் அளவு தடிப்பு இருக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில், புரட்டாசி நோன்பு தொடங்குமுன் செய்வது நல்லது. சுற்றிலும் மண்ணைக் கையால் விலக்கி, தாய்த்தண்டோடு ஒட்டும் குறுகிய கழுத்தைப் பாருங்கள். சுத்தமான ரம்பத்தால் அங்கேதான் அறுக்க வேண்டும். நெம்பிப் பிய்த்தால் இரண்டு பக்கமும் கிழிந்து அழுகும். இலை எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள், வேரில்லாத கன்று இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. இரண்டு வெட்டுக்காயத்திலும் பூஞ்சைக்கொல்லிப் பொடி தூவி, தாய்மரத்தின் காயத்தில் தார்க் களிம்பு பூசி மூடுங்கள்.

கன்றை உடனே நடாதீர்கள். நிழலில், காற்றோட்டமாக, மூன்று நான்கு வாரம் கிடக்கட்டும். வெட்டுவாய் தோல்போல் காய வேண்டும். தண்டு முழுக்க மாவு, ஈரக் காயத்தோடு மண்ணுக்குள் போனால் புளித்துவிடும். பிறகு இரண்டு பங்கு கரடு ஆற்று மணல், ஒரு பங்கு மக்கிய உரம் கலந்த தொட்டியில், தண்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் புதைய வையுங்கள். ஒருமுறை நீர் விட்டு, மண் நன்றாகக் காய்ந்த பிறகே மறுபடி. குருத்தில் தண்ணீர் தேங்கக்கூடாது. ஒரு வருடம் வரை இலையே வராமல் இருக்கலாம். தண்டை அமுக்கிப் பாருங்கள், கல்போல் இருந்தால் உயிர் இருக்கிறது. மெத்தென்றால் எடுத்து, வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி, மறுபடி பொடி தூவிக் காயவையுங்கள்.

லெனேசியாவில் உறைபனி விழும். வடக்கு வெயில் படும் சுவரோரம் வையுங்கள், முதல் இரண்டு குளிர்காலம் இரவில் சாக்கு மூடுங்கள். தளிர் விடும்போது கறுப்புப் புள்ளி போட்ட ஆரஞ்சுப் புழு வந்தால் அன்றே கையால் பொறுக்குங்கள், ஒரே வாரத்தில் ஒரு வருடத்துத் தளிரைத் தின்று தீர்க்கும். விதைகளை அந்த ஆளுக்குக் கொடுக்காதீர்கள், அவையும் சட்டத்துக்குள்தான். நாய்க்கும் குழந்தைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள், விதை விஷம்.