பழைய பனங்கையில் கத்திப்பிடி: ரெசின் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வி: தாத்தா வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது பனங்கைகள் நிறையக் கிடைத்தன. கருப்புக் கோடுகள் அழகாக இருப்பதால், நான் செய்யும் சமையலறைக் கத்திகளுக்கு அதில் பிடி போட ஆசை. ஆனால் அறுத்தால் நார் பெயர்ந்து வருகிறது. எபாக்ஸியில் ஊறப்போட்டால் சரியாகுமா? மக்காச்சோளக் கட்டையிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் இதே முறையில் பிடி செய்யலாமா? – தூத்துக்குடி வாசகர்

பதில்: பனங்கையை விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். கத்திப்பிடிக்கு நம் ஊரில் கிடைக்கும் மிக அழகான பொருள்களில் அது ஒன்று. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. அதனால் பழைய கூரை மரம்தான் இதற்கு நல்ல வழியும்கூட. ஆனால் எபாக்ஸியில் ஊறப்போடுவது வீண் செலவு.

பனையில் தேக்கைப் போல ஆண்டு வளையம் கிடையாது. கருப்பு நார்க் கற்றைகள் நீளவாக்கில் ஓடும். அவற்றுக்கு நடுவில் மெத்தென்ற சதை இருக்கும். உப்புத்தாள் போட்டால் சதை முதலில் தேய்ந்து, நார் மேடாக நிற்கும். ஈரம் பட்டால் சதை உறிஞ்சி உப்பும். தினமும் கழுவும் கத்தியில் இது சில மாதங்களில் தெரிந்துவிடும். ஆக, ரெசின், அதாவது இறுகிப் பிடிக்கும் பிசின், போக வேண்டிய இடம் அந்தச் சதைதான்.

எபாக்ஸியும் ஒரு ரெசின்தான், ஆனால் நீர்த்து ஓடாமல் கெட்டியாக இருக்கும். கடினமாக்கியைக் கலந்த கொஞ்ச நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். மேல்தோலில் மட்டும் ஒட்டும், தேய்த்ததும் போய்விடும். மரத்துக்குள் ஊறி இறுகுவதற்கென்றே ஸ்டெபிலைசிங் ரெசின் இருக்கிறது. கேக்டஸ் ஜூஸ் என்ற அமெரிக்கத் தயாரிப்பு பலருக்கும் தெரிந்தது. நீர்த்து ஓடும், கிட்டத்தட்ட 90 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால்தான் இறுகும். உள்ளே போக அதற்கு வேண்டிய அவகாசம் கிடைக்கிறது.

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது உலர்த்துவதில். பல வருடம் கூரையில் இருந்த மரம்தானே, காய்ந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். கடலோரக் காற்றில் எந்த மரமும் ஈரத்தோடுதான் இருக்கும். ஆணி இருக்கிறதா, உளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடி அளவுக்குச் சற்றுப் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். ஓவனில் 105 டிகிரியில் ஒரு நாள் வைத்து, சின்னத் தராசில் எடை போடுங்கள். எடை குறைவது நிற்கும்வரை சூடு தொடரட்டும். பிறகு காற்றுப் புகாத பையில் போட்டு ஆறவிடுங்கள். திறந்து வைத்தால் ஈரத்தைத் திரும்ப இழுக்கும். சூடாகவே ரெசினில் போட்டால் ரெசின் கெட்டியாகிவிடும்.

அப்புறம் வெற்றிடக் கலம், அதாவது பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி எடுக்கும் பாத்திரம். இதற்கென்று செய்த கலமே வேண்டும், சாதாரணக் கண்ணாடி ஜாடி உள்நோக்கி நொறுங்கலாம். துண்டு மிதக்காமல் பாரம் வைத்து, ரெசினில் முழுக மூழ்கடித்து, பம்பை ஓட விடுங்கள். நுரை அடங்கிக் குமிழி நிற்கச் சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். பம்பு ஓடும்போது காற்றுதான் வெளியேறுகிறது. வெற்றிடத்தைத் திறந்துவிட்ட பிறகே வெளிக்காற்றின் அழுத்தம் ரெசினை உள்ளே தள்ளும். அதனால் உடனே எடுக்காமல், பம்பு ஓடிய நேரத்தைப் போல இரண்டு மடங்காவது ஊறவிடுங்கள். பிறகு வடித்து, அலுமினியத் தாளில் சுற்றி ஓவன் சூட்டில் இறுக்குங்கள். உலர்த்தவோ இறுக்கவோ சமையல் ஓவன் மட்டும் வேண்டாம். தனியாக ஒரு பழைய ஓவன், காற்றோட்டமான இடம், அவ்வளவு போதும்.

முதலில் ஒரு துண்டை மட்டும் செய்து நடுவில் அறுத்துப் பாருங்கள். நடுச் சதையை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. விழுந்தால் உலர்த்தலோ ஊறலோ போதவில்லை.

மக்காச்சோளக் கட்டை வேறு கதை. ரெசின் அதன் சதைக்குள் இறங்கும், ஆனால் குழிகளை நிரப்பாது. வடிக்கும்போது வழிந்து போய்விடும். அதனால் முதலில் இதே முறையில் இறுக்கி, பிறகு அச்சில் வைத்து நிறம் கலந்த எபாக்ஸியை ஊற்றுங்கள். உங்கள் எபாக்ஸிக்கு வேலை இங்கேதான். பைன் மரக் காய்களை வைத்துப் பிடி செய்பவர்களும் இப்படித்தான் இடைவெளியை நிரப்புகிறார்கள்.

சிரட்டைக்கு இந்த வேலையே தேவையில்லை. அது அடர்த்தியானது, ரெசின் உள்ளே போகாது. வளைவும் குறைந்த தடிமனும் இருப்பதால் முழுப் பிடி வராது. சில்லுகளாக உடைத்து எபாக்ஸியில் பதிக்கலாம், பிடியின் முனையில் பட்டையாக வைக்கலாம். கருங்காலி, ஈட்டி போன்ற கனமான மரங்களுக்கும் ரெசினைச் செலவழிக்காதீர்கள்.

வெற்றிடப் பம்பு வாங்க இப்போது வசதியில்லையென்றால், சாக்குத்துணியை அடுக்கடுக்காக எபாக்ஸியில் நனைத்து இரு பலகைகளுக்கிடையே இறுக்கிக் காயவையுங்கள். மைக்கார்ட்டா வகைப் பிடி இது. சமையலறைக்கு நன்றாக உழைக்கும்.

மான் கொம்பை யாராவது தந்தால் வாங்காதீர்கள். தானாக உதிர்ந்தது என்று சொன்னாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கல் வரும்.

பனைத் துண்டில் துளையிடும்போது அடியில் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடித்து, கூரான துரப்பண முனையால் மெதுவாகப் போங்கள். மறுபக்கம் நார் சிதறாது. கத்தியில் ஒட்டும் பக்கத்தை 60 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் துடைத்து எபாக்ஸி போட்டு, பித்தளை ஆணி அடியுங்கள். கிளாம்பை அளவாக இறுக்குங்கள், பசை முழுக்க வெளியே பிதுங்கிவிடக் கூடாது. தேய்க்கும்போது நல்ல தூசி முகமூடி கட்டாயம். எண்ணெய் பூச வேண்டாம், 600 எண் தாள்வரை தேய்த்துவிட்டுத் துணிச் சக்கரத்தில் மெருகேற்றினால் ரெசினே பளபளக்கும்.