கார்த்திகையில் எத்தனை மீன்?

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். முருகனை வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்களின் கதையையும், அதே விண்மீன் கூட்டத்தை ஏழு சகோதரிகள் என்ற கிரேக்கர்களின் கதையையும் சொன்னேன். "ஆறா, ஏழா, எது சரி டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். விழித்தேன். அறிவியல் வகுப்பில் புராணம் எதற்கு என்று சக ஆசிரியர் ஒருவரும் கடிந்துகொண்டார். என்ன சொல்வது? திரையில் காட்டத் தகுந்த படங்கள் இருந்தால் அனுப்புங்கள்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

புராணம் தாராளமாகச் சொல்லலாம், கதை என்று சொல்லிவிட்டு. ராசிபலன் மீது வர வேண்டிய கோபம் அந்த நண்பருக்கு உங்கள் மீது வந்திருக்கிறது. விடுங்கள்.

என்னை உறுத்துவது வேறு. ஆறா ஏழா என்று குழந்தை கேட்கிறாள். நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். தலைக்கு மேலே இருப்பதை எண்ணுவதற்குக் கடிதம் எதற்கு அம்மா? "இன்று ராத்திரி வாசலில் நின்று எண்ணிக்கொண்டு வா" என்று அவளை அனுப்பியிருக்கலாமே! மார்கழியில் இருட்டியதும் கிழக்கே நல்ல உயரத்தில் நிற்கும் கூட்டம் அது.

எனக்கு அப்போது எட்டு வயது. தை அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்திருந்தது. தாத்தா காவல், நான் சாக்கைப் போர்த்திக்கொண்டு வைக்கோல் மேல். கார்த்திகை மேற்கே சாய்ந்து பனை உச்சியைத் தொட்டதும் சித்தப்பாவை எழுப்பிவிட்டு அவர் படுப்பார். அதுதான் கடிகாரம். ஒருநாள், "எத்தனை தெரிகிறது?" என்றார். புத்தகத்தில் படித்த திமிரில் "ஏழு" என்றேன். "ஏழாவதைக் காட்டு." விரல் அலைந்தது. முதுகில் ஒன்று விழுந்தது. "ஆறு என்று சொல்ல உனக்கு என்ன கேடு?" சற்று நேரம் கழித்து, தனக்கு இப்போதெல்லாம் அது புகை மாதிரிதான் தெரிகிறது என்றார். என் கண்ணை நம்பித்தான் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலான கண்களுக்கு ஆறுதான். சங்கப் பாட்டிலேயே அதற்கு அறுமீன் என்று பெயர். நிலவில்லாத நல்ல இருட்டில் கூர்மையான கண் இன்னும் சிலவற்றைப் பிடிக்கும். உண்மையில் அங்கே ஆயிரத்துக்கும் மேல், சுமார் 440 ஒளியாண்டுத் தொலைவில்.

எண்ணிவிட்டு வந்த பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். மகாபாரதத்தில் ரிஷிபத்தினிகள் ஏழு பேர். அக்னியை அடைய விரும்பிய சுவாகா தேவியால் அவர்களில் ஆறு பேரின் உருவைத்தான் எடுக்க முடிந்தது. அருந்ததியின் உருவை எடுக்க முடியவில்லை. பழி சுமந்து கணவர்களால் விலக்கப்பட்ட ஆறு பேரும் கார்த்திகை ஆனார்கள். அருந்ததி மட்டும் சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரோடு இருந்துகொண்டாள். கிரேக்கக் கதையில் ஏழு சகோதரிகளில் ஒருத்தியான மெரொபி மனிதனை மணந்த வெட்கத்தில் முகத்தை மறைத்துக்கொண்டாள். இரண்டு கதையும் ஏழில் தொடங்கி, காணாமல் போன ஒருத்திக்குக் கணக்குச் சொல்கின்றன! வானத்தில் ஆறை எண்ணாத பிள்ளைக்கு அந்த ஒருத்தியைப் பற்றி என்ன கவலை?

படம் அனுப்ப மாட்டேன். கார்த்திகைக்கு அருகே உள்ள ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தையே பாருங்கள். படத்தில் அந்த வேட்டைக்காரன் விறைப்பாக நிற்கிறான். நம் ஊர்க் கிழக்கு வானில் அவன் ஒருக்களித்துப் படுத்தபடிதான் உதிக்கிறான். இடுப்பின் மூன்று மீன்களும் ஏணிப்படி போல ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி வரும். படத்தை மட்டும் பார்த்த பிள்ளை நிற்கிற ஆளையல்லவா தேடும்?

அமாவாசையை ஒட்டி நாலைந்து நாள் எண்ணச் சொல்லுங்கள். ஐந்து என்பவனை ஐந்து என்றே எழுத விடுங்கள். எவனாவது புகை மாதிரி தெரிகிறது என்றால் திட்டாதீர்கள். கண் டாக்டரிடம் காட்டச் சொல்லி வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள்.