சுயேச்சைக்கு ஒரு நாள் மவுசு

சார், வணக்கம்.

நகராட்சி மன்றத்துக்குக் கட்சியே வேண்டாம், கட்சிச் சின்னம் இல்லாமல் தேர்தல் நடத்த வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். என் அம்மா ஊர் கிராம ஊராட்சி. அங்கே தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. சட்டப்படி எல்லாருமே சுயேச்சைதான். ஆனால் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று கோயில் வாசலில் நாலு பேர் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். கட்சி எழுந்து போன நாற்காலியில் சாதி வந்து உட்காருவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

இன்னொரு விஷயம். நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் நகராட்சி. எங்கள் வார்டு பெண்கள் (பொது), அதாவது எந்தப் பிரிவுப் பெண்ணும் நிற்கலாம். ரேஷன் கடை, சாக்கடை அடைப்பு என்று நான் அலைவதைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை நீயே நில்லு என்று தெருவில் சொல்கிறார்கள். என் கொழுந்தனார் ஒரு கட்சியில் இருக்கிறார். சீட் வாங்கித் தருகிறேன், சுயேச்சையாக ஜெயித்தால் ஒரு தெருவிளக்குகூடப் போட முடியாது என்கிறார். வீட்டுக்காரர், "நீ நில்லு, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். நீங்கள் 2022இல் சுயேச்சையாக நின்றவர். என்ன செய்யலாம்? எவ்வளவு செலவாகும் என்றும் சொல்லுங்கள்.

ஆர்.

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் முதல் கேள்வியில் நான் மாட்டிக்கொண்டேன். அந்தக் கட்டுரை தோற்றவனின் கோபத்தில் எழுதியது. கட்சிச் சின்னம் இல்லாத தேர்தலை நாம் பல பத்தாண்டுகளாகக் கிராமங்களில் நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம். மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டு, ஜெயித்த முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் இதே ஒதுக்கீட்டுக்காக 1996இலிருந்து 2006 வரை ஒழுங்காக ஒரு தேர்தல் நடத்த முடியவில்லை. 2019இல் சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விட்ட செய்தி வந்தது. இதில் எங்கேயும் வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னம் இல்லை. ஆகவே கட்சியை எடுத்துவிட்டால் ஊர் சுத்தமாகிவிடும் என்று நான் எழுதியது தப்பு.

ஆனால் ஊராட்சித் தலைவர்களாகப் பேர் வாங்கிய குத்தம்பாக்கம் இளங்கோவும் ஓடந்துறை சண்முகமும் அதே முறையில்தான் வந்தார்கள். ஒருவர் விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு 1996இல் தலைவரானவர். மற்றவர் காலத்தில் ஓடந்துறை ஊராட்சி 2006இல் சொந்தமாகக் காற்றாலையே நிறுவியது. சுயேச்சையாக நிற்க விரும்பும் எல்லாரும் இந்த இரண்டு பேரைத்தான் உதாரணம் காட்டுகிறோம். நானும் என் நோட்டீஸில் போட்டேன். அதோடு சோழர் காலத்து ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர் கல்வெட்டையும் போட்டேன். அது நிலமுள்ள பிராமணர்கள் மட்டுமே உறுப்பினராக இருந்த சபையின் விதி என்பது தெரியும், தெரிந்தும் போட்டேன். கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் சபைக்கு வரக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது பாருங்கள், அதை விட மனசு வரவில்லை.

சரி. இளங்கோவையும் சண்முகத்தையும் காட்டி நகராட்சிக் கவுன்சிலர் தேர்தலில் ஓட்டுக் கேட்டதில் ஒரு பிழை இருக்கிறது. எனக்கு அது தேர்தல் முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஊராட்சித் தலைவருக்குக் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உண்டு. அவர் ஊராட்சியின் நிர்வாகி. நகராட்சிக் கவுன்சிலருக்குக் கூட்டத்தில் கை தூக்க மட்டும்தான் உரிமை. நிர்வாகம் கமிஷனர் கையில். அவரை அனுப்புவது அரசாங்கம், மாற்றுவதும் அரசாங்கம். ஓடந்துறைத் தலைவர் செய்ததை ஒரு வார்டு கவுன்சிலர் நினைத்தாலும் செய்ய முடியாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

நான் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். மன்றக் கூட்டத்துக்கு வரும் அஜெண்டா நகல் பல தடவை என் மெஷினில்தான் ஓடியிருக்கிறது. அதில் பாதிப் பொருள்கள் ஏற்கெனவே முடிந்துபோன வேலைகள். அவசரம் கருதித் தலைவரின் முன் அனுமதியுடன் செய்யப்பட்டது, மன்றத்தின் பதிவிற்கு வைக்கப்படுகிறது என்று இருக்கும். மோட்டார் ரிப்பேர், பிளீச்சிங் பவுடர், வாடகை ஜேசிபி. அறுபது எழுபது பொருள். ஒருவர் "ஆல் பாஸ்" என்பார். டீ வருவதற்குள் முடிந்துவிடும். உங்கள் கொழுந்தனார் சொல்வதில் பாதி உண்மை. அந்தக் கூட்டத்தில் சுயேச்சையால் எதையும் நிறைவேற்றவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஆனால் கட்சிக் கவுன்சிலராலும் முடியாது என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். தலைவருக்கு வேண்டப்பட்ட கட்சிக் கவுன்சிலரின் வார்டுக்கு விளக்கு வரும். வேண்டாத கட்சிக் கவுன்சிலர் எங்கள் கடையில் நின்று புலம்புவார்.

சுயேச்சைக்கு மவுசு இருப்பது ஒரே ஒரு நாள். 2022 பிப்ரவரி 19 தேர்தல், 22 எண்ணிக்கை, மார்ச் 2 பதவிப் பிரமாணம், மார்ச் 4 தலைவர் தேர்தல். 2019 நவம்பரில் கொண்டுவந்த அவசரச் சட்டத்தால் மேயர், நகராட்சித் தலைவர் எல்லாம் மறைமுகத் தேர்தல், அதாவது கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது என்று ஆகிவிட்டது. 1996இல் ஸ்டாலின் சென்னை மேயரானது மக்கள் நேரடியாகப் போட்ட ஓட்டில். 2006இல் மறைமுகம், 2011இல் மறுபடி நேரடி, அப்புறம் மறுபடி மறைமுகம். ஆளுக்கு ஒரு சௌகரியம். மறைமுகத் தேர்தலில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமமாக வந்துவிட்ட ஊரில் மூன்று சுயேச்சை இருந்தால் அந்த மூன்று பேர்தான் ராஜா.

எங்கள் ஊரில் அப்படித்தான் வந்தது. பிப்ரவரி 22 சாயங்காலத்திலிருந்து அந்த மூன்று பேரையும் யாரும் பார்க்கவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். பிரமாணத்துக்கு வேனில் வந்து இறங்கினார்கள், அதே வேனில் ஏறிப் போனார்கள். அவர்களில் ஒருவர் என் நண்பர். பின்னால் கடையில் உட்கார்ந்து சொன்னார்: "அண்ணே, அந்தப் பத்து நாளும் என் செருப்பைக்கூட எடுத்துக் குடுத்தாங்க." மார்ச் 4 மத்தியானத்தோடு அது முடிந்தது. மூன்றாவது மாதம் நகராட்சியின் உதவிப் பொறியாளர், ஏ.ஈ., அவர் போனை எடுக்கவில்லை. ஆறாவது மாதம் அவர் துண்டு போர்த்திக்கொண்டு கட்சியில் சேர்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. வார்டில் சாக்கடை தள்ளிக்கொண்டிருந்தது, ஜனங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள், அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

சட்டமன்றத்தில் சுயேச்சையாக ஜெயித்தவர் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உள்ளாட்சிக்கு அது பொருந்தாது. கேரளாவில் 1999இல் உள்ளாட்சிக்கென்றே தனியாக ஒரு சட்டம் போட்டு, சுயேச்சை கட்சியில் சேர்ந்தாலும் பதவி இழப்பு என்று வைத்தார்கள். நம் ஊரில் அதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் மார்ச் 4 அன்று வேன் அனுப்பியவர்கள்.

அதனால் நிற்பதா வேண்டாமா என்பதற்கு முன்னால் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். ஜெயித்தால் தலைவர் தேர்தல் நாளில் என்ன செய்வீர்கள்? இதை நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள். யாருக்கும் ஓட்டுப் போட மாட்டேன் என்றால் அப்படி. வார்டுக்கு இந்த மூன்று வேலைக்கு எழுத்தில் ஒத்துக்கொள்பவருக்குப் போடுவேன் என்றால் அப்படி. எதுவானாலும் வேனில் ஏற மாட்டேன் என்பதை மட்டும் முதலிலேயே தெருவுக்குச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. ஜெயித்திருந்தால் ஏறியிருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியாது.

கொழுந்தனார் வழியாகச் சீட் கேட்பதையும் நான் பாவமாகப் பார்க்கவில்லை. 2022இல் சென்னையில் 200 வார்டில் சுயேச்சைகள் பிடித்தது 5. நீங்கள் நகராட்சி, உங்கள் தெருக்காரர்கள் உங்களை முகம் பார்த்து அறிந்தவர்கள், கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் கடைசி இரண்டு ராத்திரியில் கவர் வந்துவிடும். அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் உங்களிடம் கேட்பது வேறு. தேர்தலுக்கு முன்னாலேயே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. பகுதி சபா. எங்கள் பக்கம் ஏரியா சபை என்பார்கள். கிராம சபை மாதிரி நகரத்துக்கும் வேண்டும் என்று 2010லேயே சட்டத்தில் சேர்த்தார்கள், விதிகள் வர 2022 ஆகிவிட்டது. அந்த வருஷம் நவம்பர் 1 அன்று பம்மலில் முதல்வர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்து ஒரு கூட்டம் நடத்தினார். ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று வருஷத்துக்கு நாலு நாள் கூட்டம். பகுதிப் பிரதிநிதியை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். அது பெரிய ஓட்டை. கவுன்சிலரின் மச்சானே பிரதிநிதி என்ற கதையெல்லாம் உண்டு. இருந்தாலும் அந்தப் பகுதியில் ஓட்டு இருக்கிற யாரும் போய் உட்காரலாம், பேசலாம்.

எங்கள் பகுதியில் நடந்த முதல் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தோம். அதில் நாலு பேர் நகராட்சி ஊழியர்கள். ஃபோட்டோ எடுத்தார்கள், டீ கொடுத்தார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு நான் தெருவில் சிமென்ட் ரோடு போட்ட வேலையின் எம்-புக் நகலோடு போனேன். எம்-புக் என்பது அளவுப் புத்தகம், எத்தனை நீளம், எத்தனை கனம் போட்டோம் என்று பொறியாளர் எழுதிக் கையெழுத்திடுவது. அதைப் பார்த்துத்தான் கான்ட்ராக்டருக்குப் பில் பாஸாகும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வாங்கியது. அந்தச் சட்டத்தில் வேலையை நேரில் பார்வையிடவும், சாம்பிள் எடுக்கவும்கூட உரிமை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. புத்தகத்தில் 15 சென்டிமீட்டர் கனம். ரோட்டில் ஓர் ஓரம் உடைந்த இடத்தில் நான் ஸ்கேல் வைத்து அளந்தது 9. கூட்டத்தில் அதை வாசித்தேன், அவ்வளவுதான். கோபமாக எதுவும் பேசவில்லை. கவுன்சிலர் அளவுப் புத்தகம் என்று ஒன்று இருப்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார் என்று நினைக்கிறேன். மூன்றாவது கூட்டத்துக்கு அறுபது பேர் வந்தார்கள். ரோட்டை முழுக்கத் தோண்டிப் போடவில்லை. ஓரத்தை மட்டும் பூசிவிட்டுப் போனார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் அடுத்த ரோடு போட்டபோது நாலு பெண்கள் ஸ்கேலோடு நின்றிருந்தார்கள். நான் 214 ஓட்டு வாங்கித் தோற்ற வார்டு இது.

நீங்கள் ரேஷன் கடைக்கும் சாக்கடைக்கும் அலைகிறவர். அந்த அலைச்சலைக் கொஞ்சம் காகிதத்தின் பக்கம் திருப்புங்கள். ஜெயித்துக் கவுன்சிலரானால் உங்கள் கையில் அந்த அறுபது பேர் இருப்பார்கள், ஏ.ஈ. போனை எடுப்பார். தோற்றாலும் அவர்கள் இருப்பார்கள்.

வீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பயமாக இருந்த வரி அதுதான். 2016இல் சட்டம் போட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆனது. எங்கள் நகராட்சியில் பாதிக் கவுன்சிலர்கள் பெண்கள். கடைக்கு அஜெண்டா நகல் எடுக்க வருவது அவர்களின் கணவர்கள். "கவுன்சிலர்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவரும் கணவர்தான். உங்கள் வீட்டுக்காரர் அன்பாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த "மத்தது" என்னென்ன என்று உட்கார வைத்துக் கேளுங்கள். போஸ்டர் ஒட்டுவது, பூத்துக்குச் சாப்பாடு என்றால் நல்லது, பார்த்துக்கொள்ளட்டும். அதிகாரிகளிடம் பேசுவது என்றால் ஆரம்பத்திலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

செலவு. 2022இல் நகராட்சிக் கவுன்சிலருக்கு டெபாசிட் 2,000, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 1,000. எனக்கு அது போயே போய்விட்டது. எங்கள் நகராட்சியின் தரத்துக்கு அப்போது செலவு வரம்பு 34,000. நான் செலவழித்தது 27,000 சொச்சம். நோட்டீஸ் என் மெஷினிலேயே அடித்ததால் குறைவு. மைக் கட்டிய ஆட்டோ ஐந்து நாள், அதுதான் பெரிய செலவு. அதற்கடுத்தது பூத் ஏஜெண்டுகளுக்கு டிபன். ரிசல்ட் வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். தோற்றவர்கள் வெறுத்துப்போய் இதை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் மூன்று வருஷம் எங்கேயும் நிற்க முடியாது என்று நோட்டீஸ் வருகிறது. முதல் நாளிலிருந்தே பில் வாங்கி வையுங்கள். டீக்கடைக்காரர் பில் தர மாட்டார். வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.