மேனேஜர் பட்டத்துக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

அம்மா,

மகளின் எச்.எஸ்.சி. (பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படித்தால் நேராக மேனேஜர்தான் என்று லண்டன் மாமா சொல்கிறாராம். அதற்காக இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் இருக்கும் வீட்டின் மேல் கடன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வாங்காதீர்கள்.

இப்போது மென்பொருள் வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் என்ற முறை இருக்கிறது. அந்த முறையில் நடக்கும் டீமில் அந்த மேனேஜர் நாற்காலியைப் பங்கு போட்டுவிட்டார்கள். எது முதலில், எது பிறகு என்று தீர்மானிப்பவர் ப்ராடக்ட் ஓனர், ஒரே ஆள். ஒரு ஸ்பிரிண்டில், அதாவது அப்படி ஒரு சுற்றில், எவ்வளவு வேலை எடுப்பது, எப்படி முடிப்பது என்பது டெவலப்பர்கள் பாடு. முட்டுக்கட்டையை நீக்கி, முறை பிசகாமல் பார்ப்பவர் ஸ்க்ரம் மாஸ்டர். 2020 ஸ்க்ரம் கையேட்டில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற பொறுப்பே கிடையாது. பட்ஜெட்டையும் ஒப்பந்தத்தையும் பார்க்க மேலே ஒருவர் இருப்பார்தான். அங்கே பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நேராகப் போய் உட்கார முடியாது. ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.பி. சான்றுக்கே பட்டதாரியிடம் 36 மாத அனுபவம் கேட்கிறார்கள்.

'மின்கட்டண ரசீதில்கூடத் தப்பு கண்டுபிடிப்பாள், ஏன் ஏன் என்று உயிரை வாங்குவாள்' என்று குறையாக எழுதியிருக்கிறீர்களே, அது டெஸ்டருக்கு, அதாவது மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பவருக்கு, வேண்டிய குணம். அந்த வேலையை உறவினர் யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஸ்க்ரமில் டெஸ்டரும் டெவலப்பர் கணக்கில்தான் வருவார்.

நம் எபேன் ஐ.டி. வட்டாரத்தில் ஒரு டீம் பாரிஸ் வாடிக்கையாளருக்குப் பணம் கட்டும் திரை ஒன்று செய்கிறார்கள் என்று வையுங்கள். பிரெஞ்சுக்காரர் 1 250,50 என்று அடிப்பார், நாம் 1,250.50 என்போம். திரை எதை ஏற்கும்? நிரல் எழுதும் முன்பே இதைக் கேட்பவர்தான் நல்ல டெஸ்டர். இங்கே காலை 9 மணி என்றால் ப்ராடக்ட் ஓனருக்கு அங்கே 6 அல்லது 7. அன்று காலையில் கேட்டால் பாதி நாள் போச்சு. முந்தைய நாளே கேட்டுவைக்க வேண்டும். பிழை கண்டால் என்ன அடித்தோம், என்ன வரவேண்டும், என்ன வந்தது, எந்த போன் என்று நாலும் எழுத வேண்டும். சோதனையை ஸ்பிரிண்டின் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளும் டீமில் எல்லாம் ஒன்றாகக் குவிந்து பாதி வேலை அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போகும். 'முடிந்தது' என்றால் சோதித்தும் முடிந்தது என்று டீம் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்று இப்படித் தோண்டிப் பழகியவர்களுக்குப் பிறகு ப்ராடக்ட் ஓனர் பக்கம் போக வழி உண்டு.

செலவுக் கணக்குக்கு வருவோம். 2019 முதல் நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் முழுநேர முதல் பட்டத்துக்குக் கல்விக்கட்டணம் இல்லை. ரெதுயியில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் கணினி சார்ந்த பட்டம் ஒன்றில் சேரட்டும். கூடவே டெஸ்டர்களுக்கான சர்வதேசச் சான்றான ஐ.எஸ்.டி.க்யூ.பி.யின் அடிப்படைத் தேர்வு: 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியானால் தேர்ச்சி. பாடத்திட்டம் இணையத்தில் இலவசம். இதில் மாமாவைச் சம்மதிக்கவைக்க வேண்டிய அவசியம் இல்லை, கடனைக் கட்டப்போவது அவரல்ல.

இந்த வாரம் உங்கள் போனில் இருக்கும் ஏதாவது ஒரு ஆப்பை அவளிடம் கொடுத்து, மூன்று பிழைகளை அந்த நாலு வரியில் எழுதச் சொல்லுங்கள். யாரும் உந்தாமல் உட்கார்ந்து எழுதினால் அந்தத் தாளோடு வாருங்கள். அலுத்துக்கொண்டால் இதையும் அவள் மேல் திணிக்க வேண்டாம், வேறு வழி பார்ப்போம்.