‘வின்’னுக்குப் பின்னால் ஆளை நிறுத்தாதீர்கள்

கேள்வி: விளையாட்டு விழா அறிக்கையில் என் மகள் ‘அவர் டீம் வன் தி நேபரிங் ஸ்கூல்’ என்று எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். ‘வின்’ என்றால் வெல் என்றுதானே அகராதியில் இருக்கிறது? அவளுடைய ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் அந்தச் சொல்லே தமிழ் ‘வென்’னிலிருந்து போனது என்கிறார்கள். உண்மையா?

பதில்: அடித்தது சரி, காரணம் சொல்லாமல் அடித்ததுதான் தப்பு. தமிழில் கோப்பையையும் வெல்லலாம், எதிரணியையும் வெல்லலாம். ஆங்கிலத்தில் ‘வின்’னுக்குப் பின்னால் கைக்கு வந்து சேர்ந்தது மட்டும்தான் நிற்கும்: ஆட்டம், பரிசு, தேர்தல், வழக்கு. தோற்றவருக்கு ‘பீட்’. 1983 ஜூன் 25, லார்ட்ஸ்: ‘இந்தியா வன் தி வேர்ல்ட் கப்’, ‘இந்தியா பீட் தி வெஸ்ட் இண்டீஸ் பை 43 ரன்ஸ்’. இறந்தகாலத்திலும் அது ‘பீட்’தான், ‘பீட்டட்’ கிடையாது.

‘வின்’ ஆளோடு வரும் இடமும் உண்டு: ‘வின் ஓவர்’. ‘ஷீ வன் ஓவர் தி ஜட்ஜஸ்’ என்றால் நடுவர்களைத் தோற்கடித்தாள் என்று பொருளில்லை. மனத்தைத் தன் பக்கம் திருப்பினாள். ‘தெம்’ வந்தால் நடுவில் புகும்: ‘வன் தெம் ஓவர்’. ‘எ வின் ஓவர் ஆஸ்திரேலியா’வில் ‘வின்’ பெயர்ச்சொல். அங்கே தோற்கடித்த பொருள்தான். ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவைக்கும் கைடுகளில் இதையெல்லாம் தேடாதீர்கள்.

அடுத்தது அந்த ‘வென்’ கதை. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒலி ஒற்றுமையை வரலாறு என்று விற்கிறார்கள். தமிழில் வேர் ‘வெல்’. கொல் கொன்றான் ஆவதுபோல, செல் சென்றான் ஆவதுபோல, வெல் வென்றான் ஆகிறது. அந்த ‘ன்’ புணர்ச்சியில் வந்தது. ஆங்கிலச் சொல்லிலோ ‘ன்’ வேரிலேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘வின்னன்’ என்றால் பாடுபடு, போராடு. பாடுபட்டு அடைவது என்றாகி, பிறகுதான் வெற்றிக்கு வந்தது. ஜெர்மன் ‘கெவின்னென்’ இதன் உறவு. அதற்கு இன்றும் வெல் என்பதோடு ஈட்டு என்ற பொருளும் உண்டு. சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்குபவரை ‘பிரெட்வின்னர்’ என்பது இந்தப் பழம்பொருளில்தான். ரொட்டியை யாரும் தோற்கடிப்பதில்லை. ‘வின்’னுக்குப் பின்னால் அடைந்த பொருள் ஏன் வருகிறது என்பதும் இதிலேயே விளங்கும். வேரைச் சொன்னால் விதியும் கூடவே வரும். பாடத்திட்டத்துக்குத்தான் அதற்கு நேரமில்லை.

மகளின் வாக்கியத்தை இப்படித் திருத்தலாம்: ‘அவர் டீம் பீட் தி நேபரிங் ஸ்கூல்’, அல்லது ‘அவர் டீம் வன் தி மேட்ச் அகென்ஸ்ட் தி நேபரிங் ஸ்கூல்’. ‘ஆட்டத்தில் வென்றது’ என்ற நினைப்பில் ‘வன் இன் தி மேட்ச்’ என்று எழுதிவிட வேண்டாம். மேடையில் வாசிக்கும்போது ‘வோன்’ என்றும் சொல்ல வேண்டாம். அந்த ‘ஓ’ எழுத்து, ‘டபிள்யூ’, ‘என்’, ‘எம்’ பக்கத்தில் ‘யூ’ வந்தால் கையெழுத்தில் செங்குத்துக் கோடுகள் குழம்புகின்றன என்று பழைய எழுத்தர்கள் மாற்றிப் போட்டது. ‘சன்’ (மகன்), ‘மங்க்’ (துறவி) போல இதுவும் ‘வன்’தான்.