ஃபோனை வைத்த பிறகு

அன்புள்ள ஐயா,

என் கணவர் குவைத்துக்குப் போய் 14 மாதம் ஆகிறது. இரண்டு வருட ஒப்பந்தம். தினமும் இரவு 9 மணிக்கு வீடியோவில் வருவார். 'சாப்பிட்டியா, பையன் தூங்கிட்டானா' என்று கேட்பார். அப்புறம் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஃபோனை வைத்ததும் வீடு இன்னும் வெறிச்சென்று ஆகிவிடுகிறது. 'தினம் முகத்தைப் பார்க்கிறியே, அப்புறம் என்ன' என்கிறார் மாமியார். எதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வது?

ஒரு வாசகி, மயிலாடுதுறை

அன்புள்ள தங்கைக்கு,

உங்களுக்கு வேண்டியது அவர் வீட்டில் இருப்பது. முகம் பார்ப்பது வேறு, கூட இருப்பது வேறு. ஒரே வீட்டில் இருப்பவர்கள் அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் கீரை ஆய்வார், மற்றவர் சைக்கிளைத் துடைப்பார். ஃபோனில்தான் விடாமல் பேசியாக வேண்டியிருக்கிறது.

என் அப்பாவும் எண்பதுகளில் குவைத்தில் இருந்தார். விடுப்பு முடிந்து திரும்புகிறவர்களிடம் அம்மா கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவாள். இரண்டு பக்கமும் சேர்த்து 90 நிமிடம். அவளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பேச வராது. டேப்ரிக்கார்டரை அடுக்களை மேடையில் ஓடவிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். தாளிக்கிற சத்தம், நான் வாய்ப்பாடு ஒப்பிப்பது, பால்காரர் கூப்பிடுவது, ஒருமுறை நல்ல மழை, எல்லாம் அதில் ஏறிவிடும். அப்பா திரும்பி வந்தபோது அத்தனை கேசட்டும் பெட்டியில் இருந்தன. மழை பெய்த இடத்தில்தான் நாடா தேய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு இருந்தால், ஃபோனை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் சமையுங்கள், அவர் அங்கே துணி துவைக்கட்டும். யாரும் பேச வேண்டாம். பையன் குறுக்கே ஓடட்டும்.

இன்னொன்று. இங்கே 9 மணி என்றால் அங்கே ஆறரை. ரூமில் எல்லோரும் வேலை முடிந்து வந்திருக்கிற நேரமாக இருக்கலாம். பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கும்போது மனதில் உள்ளதை எப்படிப் பேசுவார்? 'சாப்பிட்டியா' என்பதற்குள்தான் எல்லாவற்றையும் வைத்துக் கேட்க முடியும். வெளியே நடந்துகொண்டே ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கள். நீங்களும் போடுங்கள். பையனுக்குக் காய்ச்சல் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அவர் கவலைப்படுவார்தான். ஆனால் கவலைப்படக்கூடாதென்று ஒவ்வொன்றாக மறைத்துப் பழகித்தான் பேச ஒன்றும் இல்லாமல் போகிறது.

மாமியார் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவரும் மகனைப் பிரிந்துதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை அவர் பூண்டு உரிக்க உட்காரும்போது, ஃபோனை அவர் பக்கமும் கொஞ்சம் திருப்பி வையுங்கள்.