தீபாவளிப் பரிசும் அம்மாவின் கேள்வியும்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கலாமா என்று தயக்கம்தான். வயது 26, சொந்த ஊர் மதுரை, வேலை சென்னையில். முன்பு என்னோடு வேலை பார்த்த பெண்ணை ஒரு வருடமாகக் காதலிக்கிறேன். அவளுக்குத் திருநெல்வேலி பக்கம். இது எங்களுக்கு முதல் தீபாவளி. பண்டிகைக்கு அவள் ஊருக்குப் போய்விடுவாள். ஒரு கிராமில் மோதிரம் வாங்கலாமா என்று யோசித்தேன். நண்பர்கள் ஸ்மார்ட் வாட்ச்சை இ.எம்.ஐ.யில் வாங்கச் சொல்கிறார்கள். எங்கள் இருவர் படமும் போட்ட ஃபிரேமை ஆன்லைனில் ஆர்டர் செய்து, தீபாவளி அன்று அவள் வீட்டுக்கே போய்ச் சேரும்படி செய்தால் நல்ல சர்ப்ரைஸாக இருக்கும் என்றும் தோன்றுகிறது. (இரண்டு வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை. வேறு வேறு சமூகம்.) அவள் பெரிதாக எதற்கும் ஆசைப்பட மாட்டாள். வெள்ளிக்கிழமையானால் காட்டன் புடவையில் ஆபீஸ் போவாள், அவ்வளவுதான். ஐயாயிரம் ரூபாய் வரை செலவு செய்ய முடியும். என்ன வாங்கலாம்?

பெயர் வேண்டாம், அக்கா.

*

அன்புள்ள தம்பி,

அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அந்த ஃபிரேமை இன்றோடு மறந்துவிடுங்கள். தீபாவளி சமயத்தில் ஒரு நெல்லை வீட்டில் யாரெல்லாம் இருப்பார்கள்? அப்பா, அம்மா, சித்தி, பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கூடத்தில் இருப்பார்கள். டெலிவரி பையன் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அந்தப் பெண் அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருப்பார். பெட்டியைக் கையில் வாங்குவது வேறு யாரோ. பிரித்துப் பார்ப்பது, சந்தேகமே இல்லை, ஒரு பொடியன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தீபாவளி நடக்காது. வேறு சமூகத்துக் காதல் எதிர்பாராமல் வெளியே தெரிந்தால் நம் ஊரில் என்னவெல்லாம் நடக்கிறது என்பதைச் செய்தித்தாள் படிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் எப்போது சொல்வது, அப்பாவிடமா அம்மாவிடமா, எந்தப் பேச்சில் எடுப்பது என்பதெல்லாம் அவர் முடிவு செய்ய வேண்டியவை. உங்கள் பரிசு அவரை முந்திக்கொண்டு போய்ச் சொல்லிவிடக் கூடாது.

நான் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை பிரபலம். அறைத்தோழி ஒருத்திக்கு அப்படி ஒன்று வந்தது. லீவுக்குப் போகும்போது புடவைகளுக்கு நடுவில் மறைத்து எடுத்துப் போனாள். வீட்டில் அவள் அம்மா பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து உதறியபோது அட்டை திறந்துகொண்டு பாட ஆரம்பித்துவிட்டது. அவள் திரும்பி வந்து சொன்னபோது அறையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அதனால் எதை வாங்கினாலும் கடையில் நிற்கும்போது ஒன்றை யோசியுங்கள். இதை அவர் வீட்டில் எங்கே வைப்பார்? "இது ஏதுடி?" என்று அம்மா கேட்டால் என்ன சொல்வார்? கேள்வியே எழாத பொருளாக இருந்தால் பொய்யும் தேவைப்படாது. உங்களுக்குப் பிரியமான ஒருத்தியை அவள் அம்மாவிடம் பொய் சொல்ல வைக்கிற பரிசு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், தலைவலிதான்.

இந்தக் கணக்கில் மோதிரம் முதலில் அடிபடும். தமிழ்நாட்டு அம்மாக்களுக்கு வீட்டிலிருக்கும் தங்கம் கிராம் சுத்தமாக மனப்பாடம். புதிதாக ஒரு மினுக்கு தெரிந்தால் பில் எங்கே என்பார்கள். தவிர, உங்கள் ஐயாயிரத்துக்கு இன்றைய விலையில் ஒரு கிராம் வராது. சின்ன நகைக்குச் செய்கூலியும் சேதாரமும் எடைக்குப் பொருந்தாமல் ஏறும், அதற்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றாவது ஒருநாள் வாங்கத்தான் போகிறீர்கள், அன்றைக்கு ஹால்மார்க் முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட எச்.யு.ஐ.டி. என்கிற தனி அடையாளக் குறியீடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீங்கள் சொல்வது கவரிங் கடையின் 'ஒன் கிராம் கோல்டு' என்றால் அது தங்கமே இல்லை, முலாம். வாட்ச் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. தவணை கட்டி வாங்கிய பொருள் வாங்கியவருக்கும் பாரம், பெற்றுக்கொண்டவருக்கும் பாரம். பதிலுக்கு அவர் என்ன செய்வார் என்று யோசித்தீர்களா? அவரும் ஒரு தவணையில் இறங்குவார்.

சரி, விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை காட்டன் புடவை. நீங்கள் மதுரைக்காரர் வேறு. ஒரு சுங்குடி வாங்கிக் கொடுங்கள்.

ஆனால் நல்ல சுங்குடி. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சுங்குடி என்ற பெயரில் இன்று கடையில் தொங்குவதில் பெரும்பாலானவை அச்சடித்தவை. அசல் சுங்குடியில் துணியில் புள்ளி புள்ளியாகக் குறித்து, ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். பிறகுதான் சாயத்தில் முக்குவது. நூல் இறுகிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்ததும் துணியை இழுத்தால் முடிச்சுகள் தெறித்துப் பிரியும், வெள்ளைப் புள்ளிகள் வரும். ஒரு புடவையில் ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். மதுரையில் நாயக்கர் காலத்தில் குடியேறிய சௌராஷ்டிரர்களின் கைத்தொழில் இது. முடிச்சுப் போடுவது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள், சமையல் முடிந்த நேரத்தில் உட்கார்ந்து. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெண்களின் கைக்கு என்ன கூலி போய்ச் சேருகிறது என்பது வேறு கதை, இன்னொரு நாள் கோபமாக எழுதுகிறேன்.

அடையாளம் காண்பது கடினமில்லை. அச்சடித்த புள்ளி எல்லாம் ஒரே அளவு, ஒரே வட்டம். கையால் முடிந்ததில் ஒன்று பெரிதாக, ஒன்று கோணலாக, பல புள்ளிகளின் நடுவே சாயம் ஒரு துளி ஒட்டியிருக்கும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்யாத துணி என்றால் முடிச்சு இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்படும். கடைக்காரரிடம் "கையால் முடிந்ததா, பிரிண்டா?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறைக்க மாட்டார். உங்கள் பணத்துக்குள் தாராளமாகக் கிடைக்கும், மீதியும் இருக்கும். ஒன்றே ஒன்று, எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடாதீர்கள். "யாருக்குடா?" என்பார்.

நிறத்தை உங்கள் ரசனைக்கு எடுக்காதீர்கள். அவரிடம் ஏற்கெனவே இருக்கும் ரவிக்கைகளை நினைவுபடுத்திப் பாருங்கள். ஐந்தரை மீட்டர் புடவையோடு 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி சேர்ந்து வரலாம். ஆனால் தீபாவளி நெருங்கிய பிறகு எந்தத் தையல்காரரும் புதுத் துணியைக் கையில் வாங்க மாட்டார். கறுப்பிலோ அரக்கிலோ ஏற்கெனவே தைத்தது ஒன்று இருக்குமல்லவா, அதோடு சேர்கிற மாதிரி எடுத்தால் அவர் அன்றைக்கே கட்டலாம். காட்டன் புடவை கட்டுகிற பெண் இன்னொரு காட்டன் புடவையோடு ஊருக்குப் போனால் எந்த அம்மாவும் விசாரணை வைக்க மாட்டார். அநேகமாக, "நல்லாருக்கே, எனக்கும் ஒண்ணு எடுத்திருக்கக் கூடாதா?" என்பார். அடுத்த வருடத்துக்கு உங்களுக்கு அது ஒரு வேலை.

இதைப் படிக்கிற மற்ற தம்பிகளுக்கும் ஒரு யோசனை. ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை எட்டு மணிக்குத் திறக்கும். தீபாவளி ரயில்களில் சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துவிடும். அன்று காலையில் அலாரம் வைத்து எழுந்து, அந்தப் பெண்ணுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு லோயர் பெர்த் எடுத்துக் கொடுத்தவனை எந்தப் பெண்ணும் லேசில் மறக்க மாட்டாள். ஆம்னி பஸ் கட்டணம் பார்த்தவர்களுக்குப் புரியும்.

புடவையை ஊருக்குக் கிளம்பும் அன்று எழும்பூர் பிளாட்பாரத்தில் வைத்துக் கொடுக்காதீர்கள். பெட்டியெல்லாம் கட்டி முடித்திருப்பார். ஒரு வாரம் முன்னாலேயே கொடுங்கள். முதல் தடவை தனியாக அலசச் சொல்லுங்கள், சாயம் போகும். விலைச் சீட்டைக் கிழித்துவிடுங்கள், பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். நிறம் பிடிக்கவில்லை என்று அவர் வாயால் சொல்ல மாட்டார். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, நீங்களே போய் மாற்றி எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
அக்கா